பழைய சிறு வானூர்திகளுக்கான கருவிவழி வழிசெலுத்தல்

பழைய சிறு வானூர்திகளுக்கான கருவிவழி வழிசெலுத்தல் என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன் தயாரிக்கப்பட்ட ஒற்றை இயந்திரச் சிறு வானூர்திகளை, வெளியே நிலமோ தொடுவானமோ தெரியாத வேளைகளிலும் கருவிகளின் துணையால் பாதுகாப்பாகச் செலுத்துவதற்கு வேண்டிய கருவிகளையும், அவற்றைக் குறைந்த செலவில் தெரிவு செய்யும் முறையையும் குறிக்கும். செஸ்னா 172, செஸ்னா 152, பைப்பர் செரோக்கி முதலிய வானூர்திகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பறக்கும் பயிற்சிக் கழகங்களும் தனியாரும் இவற்றையே பெரிதும் பயன்படுத்துகின்றனர். இவற்றின் சட்டகமும் இயந்திரமும் நன்கு பராமரிக்கப்பட்டால் நெடுங்காலம் உழைக்கக்கூடியவை. ஆனால் வழிசெலுத்தும் கருவிகள் விரைவில் பழமையடைகின்றன. புதிய கருவிகளின் விலையும் பொருத்துகூலியும் சேர்ந்து சில வேளைகளில் வானூர்தியின் விலையையே எட்டிவிடுவதால், எதை வாங்குவது, எதை விட்டுவிடுவது என்பது முக்கியமான கேள்வியாகிறது.

இக்கட்டுரை பொதுவான கோட்பாடுகளையும், எடுத்துக்காட்டாகத் தூத்துக்குடி, ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி ஆகிய ஊர்களைக் கொண்ட தென் தமிழ்நாட்டுக் கரையோரப் பகுதியின் சூழலையும் விளக்குகிறது.

பின்னணி

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் வானூர்தியைச் செலுத்தினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்ட் செலுத்தினார். அந்தச் சேவையில் பயன்பட்ட புஸ் மாத் வானூர்தியில் வானொலி வழிசெலுத்தும் கருவி எதுவும் இல்லை. ஆறு, இருப்புப்பாதை, கடற்கரை ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தே வழி அறியப்பட்டது.

இம்முறை இன்றும் கட்புலப் பறத்தல் என்ற பெயரில் வழக்கத்தில் உள்ளது. நல்ல வானிலையில் தூத்துக்குடிப் பகுதிக்கு மேலே பறக்கும் விமானிக்கு அடையாளங்களுக்குப் பஞ்சமில்லை. வெண்ணிறமாகத் தெரியும் உப்பளங்கள், துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள், முயல் தீவு, ஓட்டப்பிடாரத்தைச் சூழ்ந்த கரிசல் நிலம் ஆகியவை தொலைவிலிருந்தே அடையாளம் காணத்தக்கவை. ஆனால் இவை மேகத்தாலோ மழையாலோ இருளாலோ மறைக்கப்படும்போது இம்முறை முற்றாகப் பயனற்றுப் போகிறது.

இந்தியாவில் கட்புலப் பறத்தல் விதிகளின் கீழ், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் விலக்குப் பெற்ற உள்ளூர் மற்றும் பயிற்சிப் பறப்புகள் நீங்கலாக, கதிரவன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை பறக்க இயலாது. ஆகவே ஊர்விட்டு ஊர் இரவில் செல்லும் சிறு வானூர்திக்கும் கருவிவழிப் பறத்தல் தேவையாகிறது.

இரு வேறு தேவைகள்

கருவிவழிப் பறத்தலில் விமானி இரு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, வானூர்தி எந்த நிலையில் உள்ளது என்பது. அதாவது அது நேராக உள்ளதா, சாய்ந்துள்ளதா, ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது. இரண்டாவது, வானூர்தி எந்த இடத்தில் உள்ளது என்பது. வழிசெலுத்தும் கருவிகள் இரண்டாவது கேள்விக்கே விடை தருகின்றன. எனினும் உயிரிழப்புக்கு உடனடிக் காரணமாவது பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை கிடைக்காமையே ஆகும்.

தொடுவானம் தெரியாதபோது மனிதரின் உட்காது தவறான சமநிலை உணர்வைத் தருகிறது. மெதுவாகச் சாயும் வானூர்தி நேராகச் செல்வதாகவே விமானிக்குத் தோன்றும். 1954இல் வெளியான இலினொய் பல்கலைக்கழக ஆய்வொன்றில், கருவிவழிப் பயிற்சியற்ற 20 விமானிகள் வெளிப்புறம் தெரியாத நிலையில் பறக்கச் செய்யப்பட்டனர். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 வினாடிகள்.

பழைய சிறு வானூர்திகளில் செயற்கைத் தொடுவானமும் திசைகாட்டும் கருவியும் ஜைரோஸ்கோப் எனப்படும் சுழல்காட்டியால் இயங்குகின்றன. அச்சுழல்காட்டியைச் சுழற்றுவது இயந்திரத்துடன் இணைந்த வெற்றிடப் பம்பு ஆகும். இப்பம்பின் கரித் தகடுகள் தேய்ந்து முன்னறிவிப்பின்றி உடையக்கூடியவை. பம்பு நின்றதும் செயற்கைத் தொடுவானம் உடனே விழுந்துவிடுவதில்லை. சுழற்சி குறையக் குறைய மெல்லச் சாய்கிறது. விமானி அதனை நம்பி, அச்சாய்வைச் சரிசெய்வதாக எண்ணி வானூர்தியையே சாய்த்துவிடும் ஆபத்து உள்ளது. இதனால், பணம் குறைவாக உள்ளபோது புதிய வழிசெலுத்தியை வாங்குவதற்கு முன், தனி மின்கலத்துடன் இயங்கும் மின்னணுச் செயற்கைத் தொடுவானம் ஒன்றைப் பொருத்துவது பயனுடையது எனக் கருதப்படுகிறது. பழைய வானூர்திகளிலும் பொருத்தத்தக்க இத்தகைய கருவிகள் 2016க்குப் பின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின.

நில நிலையங்களைச் சார்ந்த கருவிகள்

திசையிலா வானொலிக் கலங்கரை: இது 190 முதல் 1750 கிலோஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்களில் எல்லாத் திசைகளிலும் ஒலிபரப்பும் எளிய நிலையம். வானூர்தியில் உள்ள ஏ.டி.எஃப் கருவியின் முள் அந்நிலையத்தை நோக்கித் திரும்பும். இது மலிவானது, ஆனால் குறைபாடுகள் பல. இடிமேகம் அருகில் இருந்தால் முள் மின்னலை நோக்கித் திரும்பும். இரவில் அயனி மண்டலத்தில் எதிரொளித்து வரும் அலைகளால் முள் அலைபாயும். வானொலி அலை நிலத்திலிருந்து கடலுக்குச் சாய்வாகக் கடக்கும்போது வளைவதால், கடல்மேல் பறக்கும் வானூர்திக்குத் தவறான திசை கிடைக்கும். இது கரையோர விலகல் எனப்படுகிறது. உலகெங்கும் இவ்வகை நிலையங்கள் மூடப்பட்டு வருவதால், பழுதான ஏ.டி.எஃப் கருவியைச் செலவு செய்து சீராக்குவது பொதுவாகப் பயன் தருவதில்லை.

வி.ஓ.ஆர்: இது 108 முதல் 117.95 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் நிலையம். வானூர்தி அந்நிலையத்திலிருந்து எந்தப் பாகையில் உள்ளது என்பதைக் காட்டும். இடியாலும் இரவாலும் இது பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் இதன் அலை நேர்கோட்டில் செல்வதால், புவியின் வளைவுக்கு அப்பால் கிடைக்காது. சமநிலத்தில் இதன் எல்லையை, அடியில் தரப்பட்ட உயரத்தின் வர்க்கமூலத்தை 1.23ஆல் பெருக்கிக் கடல் மைல்களில் கணக்கிடலாம். 1000 அடி உயரத்தில் ஏறத்தாழ 39 கடல் மைல்களும், 3000 அடியில் 67 கடல் மைல்களும், 6000 அடியில் 95 கடல் மைல்களும் கிடைக்கும்.

டி.எம்.இ: இது நிலையத்திற்கு உள்ள தொலைவைக் காட்டுகிறது. காட்டப்படுவது சாய்வுத் தொலைவு ஆகும். 6000 அடி உயரத்தில் நிலையத்துக்கு நேர் மேலே பறக்கும்போதும் சுமார் ஒரு கடல் மைல் என்றே காட்டும்.

ஐ.எல்.எஸ்: ஓடுபாதையின் நடுக்கோட்டையும், வழக்கமாக 3 பாகை கொண்ட இறங்குசரிவையும் இரு வேறு வானொலிக் கற்றைகளால் காட்டும் அமைப்பு. முதல் வகை ஐ.எல்.எஸ் மூலம் ஓடுபாதைக்கு மேலே 200 அடி வரை ஓடுபாதையைக் காணாமலேயே இறங்கிவரலாம். வி.ஓ.ஆர் வாங்கியும் ஐ.எல்.எஸ் வாங்கியும் பெரும்பாலும் ஒரே பெட்டியில் அமைந்துள்ளன. எனவே பழைய வானூர்தியில் நல்ல நிலையில் உள்ள ஒரு பெட்டி இருந்தால், அதனைக் கழற்றி எறியாமல் இரண்டாவது கருவியாக வைத்துக்கொள்வது செலவற்ற பாதுகாப்பாகும்.

செயற்கைக்கோள் வழிசெலுத்தல்

ஜி.பி.எஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை 2000 மே மாதத்தில் அமெரிக்கா நீக்கியது. அதன் பிறகு அது மலிவான, துல்லியமான வழிசெலுத்தும் முறையாயிற்று. ஆனால் இடத்தைக் காட்டும் எல்லாக் கருவிகளும் கருவிவழிப் பறத்தலுக்கு ஏற்றவை அல்ல. கைபேசியும் கையடக்கக் கருவியும் விமானிக்குத் துணையாக இருக்கலாம். அவை அனுமதிக்கப்பட்ட முதன்மைக் கருவியாகக் கொள்ளப்படுவதில்லை. சமிக்ஞை தவறாகும்போது அதனைத் தானே கண்டறிந்து எச்சரிக்கும் திறனே இங்கு முக்கியமானது. துல்லியம் அதற்கு அடுத்தது.

அனுமதி பெற்ற வானூர்தி ஜி.பி.எஸ் கருவிகளில் இரு தலைமுறைகள் உள்ளன. டி.எஸ்.ஓ சி129 என்ற தரத்தைச் சேர்ந்தவை 1990களில் வந்தவை. இவை பாதையையும் கிடைமட்ட இறங்கு வழியையும் காட்டுமே தவிர, செயற்கைக்கோள்வழித் திருத்தத்தைப் பெற்று இறங்குசரிவைக் காட்டா. டி.எஸ்.ஓ சி146 என்ற தரத்தைச் சேர்ந்தவை அத்திருத்தத்தைப் பெறக்கூடியவை. தோற்றத்தில் ஒன்றுபோல் உள்ள கருவிகள் வெவ்வேறு தரத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, 1998இல் அறிமுகமான கார்மின் ஜி.என்.எஸ் 430 கருவியும், பின்னர் வந்த ஜி.என்.எஸ் 430டபிள்யூ கருவியும் முகப்பில் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பின்னதே திருத்தம் பெறவல்லது. பழைய கருவியை விலைக்கு வாங்குவோர் பெயரை மட்டும் பார்த்து ஏமாற இடமுண்டு. இவ்விரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டதால், உதிரிப் பாகங்கள் கிடைப்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

ககன்

இந்தியாவில் இத்திருத்தத்தை வழங்கும் அமைப்பு ககன் ஆகும். இதனை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து உருவாக்கின. நாடெங்கும் உள்ள 15 நோக்கு நிலையங்கள் ஜி.பி.எஸ் சமிக்ஞையின் பிழைகளை அளக்கின்றன. அவற்றுள் ஒன்று திருவனந்தபுரத்தில் உள்ளது. பெங்களூரில் உள்ள கட்டுப்பாட்டு மையம் திருத்தத்தைக் கணக்கிட, ஜிசாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் வழியாக அது வானூர்திகளுக்கு ஒலிபரப்பப்படுகிறது. வான்வழிப் பறத்தலுக்கான சான்று 2013 டிசம்பரிலும், செங்குத்து வழிகாட்டலுடன் கூடிய இறங்கு அணுகலுக்கான சான்று 2015 ஏப்ரலிலும் இதற்கு வழங்கப்பட்டன. 2022 ஏப்ரல் 28 அன்று இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர் 72 வானூர்தி ஒன்று இராசத்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ககன் உதவியுடன் இறங்கியது.

சிறு வானூர்திகளுக்கு ககன் தரும் நன்மை பெரிது. ஐ.எல்.எஸ் அமைப்பதற்கு ஓடுபாதையின் அருகே விலையுயர்ந்த கருவிகள் தேவை. ககன் முறையில் நிலையத்தில் எந்தக் கருவியும் இல்லாமலேயே ஐ.எல்.எஸ்சுக்கு நிகரான இறங்குசரிவைப் பெறலாம். எனினும் அந்த ஓடுபாதைக்கென அணுகல் வரைபடம் வடிவமைக்கப்பட்டு முறையாக வெளியிடப்பட்டிருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தேசிய வான்போக்குவரத்துக் கொள்கை, 2019 ஜனவரி முதல் இந்தியாவில் பதிவாகும் வானூர்திகள் ககன் வசதி கொண்டிருக்க வேண்டும் என அறிவித்தது. அக்காலக்கெடு பின்னர் 2021 ஜூலை 1 எனத் தள்ளிவைக்கப்பட்டது.

தென் தமிழ்நாட்டுச் சூழல்

தூத்துக்குடி விமான நிலையம் வாகைகுளத்தில் அமைந்துள்ளது. 1992இல் சேவை தொடங்கிய இந்நிலையத்தின் ஓடுபாதை நெடுங்காலம் சுமார் 1350 மீட்டர் நீளமே கொண்டிருந்தது. விரிவாக்கப் பணிகளின் பின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது.

இந்நிலையத்திலிருந்து மதுரை, திருவனந்தபுரம் ஆகிய இரு விமான நிலையங்களும் நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கி.மீ, அதாவது சுமார் 65 கடல் மைல் தொலைவில் உள்ளன. மேலே தரப்பட்ட கணக்கின்படி, தூத்துக்குடிக்கு மேலே 3000 அடியில் பறக்கும் வானூர்திக்கு மதுரை வி.ஓ.ஆர் நிலையம் எல்லையின் விளிம்பிலேயே கிடைக்கும். திருவனந்தபுரத்துக்கோ இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அங்குள்ள அகத்தியமலையின் உயரம் 1868 மீட்டர், அதாவது 6100 அடிக்கும் மேல். மலை மறைப்பதால் தாழப் பறக்கும் வானூர்திக்கு அப்பக்கத்துச் சமிக்ஞையை நம்பியிருக்க இயலாது. மேற்கு நோக்கிச் செல்லும் சிறு வானூர்திக்கு இடத்தை அறிவது வசதி மட்டுமன்று, மலையில் மோதாதிருப்பதற்கான தேவையுமாகும்.

கிழக்கே மன்னார் வளைகுடா உள்ளது. பகலில் மங்கலான வெயிலில் கடலும் வானும் ஒரே நிறமாகக் கலந்து தொடுவானம் மறைவதுண்டு. 1999 ஜூலையில் அமெரிக்காவில் ஜான் எஃப். கென்னடியின் மகன் செலுத்திய சிறு வானூர்தி, இத்தகைய மங்கலில் இரவில் கடல்மேல் பறந்தபோது விழுந்தது. விமானி நிலையுணர்வை இழந்ததே காரணம் என விசாரணை முடிவு செய்தது. அவ்வானூர்தியில் தானியங்கிச் செலுத்தி இருந்தது. ஆனால் விமானிக்குக் கருவிவழிப் பறத்தல் தகுதி இருக்கவில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாழ்ந்த மேகமும் கனமழையும் ஏற்படுகின்றன. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ மழை பதிவானது. இத்தகைய நாளில் எந்தக் கருவியும் சிறு வானூர்தியைக் காப்பாற்றாது. தரையில் இருப்பதே தீர்வு.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கல் அயனி மண்டலம் சார்ந்தது. புவியின் காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டுக்கு அருகில் செல்கிறது. இக்காரணத்தாலேயே திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டுள்ளது. கதிரவன் மறைந்த பின் காந்த நடுக்கோட்டின் மேலே அயனி மண்டலத்தில் அடர்த்தி குறைந்த குமிழ்கள் தோன்றி மேலெழுகின்றன. அவற்றைக் கடந்துவரும் செயற்கைக்கோள் சமிக்ஞை மினுமினுத்து வலுவிழக்கிறது. இக்குலைவு மிகக் கடுமையாக இருப்பது காந்த நடுக்கோட்டிலிருந்து சுமார் 15 பாகை வடக்கேயும் தெற்கேயும் ஆகும். எனினும் குமிழ்கள் பிறக்கும் பகுதியும் இதற்கு விலக்கன்று. முன்னிரவிலும், மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், கதிரவனின் செயற்பாடு மிகும் ஆண்டுகளிலும் இது கூடுதலாகும். அந்நேரங்களில் ககன் தரும் செங்குத்து வழிகாட்டல் இடையே நின்றுபோகலாம். ஆகவே செயற்கைக்கோள் கருவி ஒன்றையே நம்பிப் பிற கருவிகளை அகற்றுவது இங்கு அறிவுடைமையன்று.

செயற்கைக்கோள் சமிக்ஞையில் மனிதர் செய்யும் குறுக்கீடும் உண்டு. 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தை அணுகிய சில வானூர்திகளுக்குப் போலி ஜி.பி.எஸ் சமிக்ஞை கிடைத்ததை இந்திய அரசு நாடாளுமன்றத்தில் உறுதிப்படுத்தியது.

தெரிவு செய்யும் முறை

குறைந்த செலவில் கருவிகளைத் தெரிவு செய்வதற்குப் பின்வரும் வரிசை பொருத்தமானது.

1. பயன்பாட்டை வரையறுத்தல். வானூர்தி எந்த நிலையங்களுக்குச் செல்லும், அங்கு எவ்வகை இறங்கு அணுகல்கள் வெளியிடப்பட்டுள்ளன என்பதை முதலில் அறிய வேண்டும். ககன் அணுகல் இல்லாத நிலையங்களுக்கு மட்டுமே செல்லும் வானூர்திக்கு அதற்கான கருவியால் உடனடிப் பயன் குறைவு.

2. இருப்பதைச் சோதித்தல். பல வேளைகளில் பழுது பெட்டியில் இருப்பதில்லை. துருப்பிடித்த இணைப்பிலோ, விரிசல் விட்ட அலைவாங்கியிலோ, நைந்த கம்பியிலோ இருக்கும். உப்புக்காற்று வீசும் கரையோர ஊர்களில் இது கூடுதலாக நிகழ்கிறது. சில நூறு ரூபாயில் முடியும் பழுதுக்காகப் பெரும் விலையில் புதுப்பெட்டி வாங்குவதைச் சோதனை தவிர்க்கும்.

3. மின்வசதியைக் கணக்கிடல். பழைய வானூர்திகள் சில 14 வோல்ட்டிலும், வேறு சில 28 வோல்ட்டிலும் இயங்குகின்றன. செஸ்னா 172 வகையில் 1978 மாதிரி முதல் 28 வோல்ட் வந்தது. ஒன்றுக்குரிய பழைய கருவி மற்றதில் இயங்காது. மின்னாக்கி நின்றால் மின்கலம் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதும் கணக்கிடப்பட வேண்டும்.

4. அனுமதியை உறுதி செய்தல். இந்தியாவில் பதிவான வானூர்தியில் செய்யும் மாற்றத்தை வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஏற்க வேண்டும். அந்த வானூர்தி வகைக்குரிய துணைச் சான்று ஏற்கெனவே உள்ள கருவியைத் தெரிந்தெடுத்தால் காலமும் செலவும் குறையும். சான்றில்லாத மலிவான கருவி முடிவில் விலை கூடியதாகவே அமையும்.

5. தொடர் செலவைச் சேர்த்தல். வழிசெலுத்தும் கருவியின் தரவுத்தளம் 28 நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதற்குக் கட்டணம் உண்டு. பழைய கருவியை வாங்கும் முன், அதற்கு இந்தியப் பகுதியின் தரவு இன்னும் வழங்கப்படுகிறதா என்பதை அறிவது இன்றியமையாதது. தரவு நின்றுபோன கருவி, கருவிவழி இறங்கு அணுகலுக்குப் பயன்படாது.

வாங்கும் வரிசை

மேற்கூறிய காரணங்களின்படி, பணம் சிறிது சிறிதாகவே கிடைக்கும் நிலையில் கீழ்க்கண்ட வரிசையில் மேம்படுத்தலாம்.

முதற்படி: உயரமானி, வேகமானி ஆகியவற்றுக்கான காற்றழுத்தக் குழாய்களில் கசிவு நீக்கல், கம்பிகளையும் அலைவாங்கிகளையும் சீராக்கல், தனி மின்கலமுள்ள செயற்கைத் தொடுவானம்.

இரண்டாம் படி: நன்கு இயங்கும் வி.ஓ.ஆர்–ஐ.எல்.எஸ் வாங்கி ஒன்று. ஏற்கெனவே உள்ளதைச் சீராக்குவதே பெரும்பாலும் போதுமானது.

மூன்றாம் படி: டி.எஸ்.ஓ சி146 தரத்து ஜி.பி.எஸ் வழிசெலுத்தி ஒன்று. தகவல்தொடர்பு வானொலி நல்ல நிலையில் இருந்தால், அது சேராத தனி வழிசெலுத்தியை வாங்குவது மலிவு.

நான்காம் படி: எளிய தானியங்கிச் செலுத்தி. தனியாகப் பறக்கும் விமானிக்கு மேகத்துள் வரைபடம் பார்க்கும் சில வினாடிகளில் இது பெரும் துணையாகும்.

இவற்றோடு 406 மெகாஹெர்ட்ஸ் அவசரகால இருப்பிடங்காட்டியும் இருத்தல் வேண்டும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளின் சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பெப்ரவரி 1 முதல் நின்றுவிட்டது. பழைய கருவி மட்டுமே உள்ள வானூர்தி கடலில் இறங்க நேர்ந்தால், அருகில் வேறு வானூர்தி கேட்டாலன்றி உதவி கிடைப்பது அரிது.

வரம்புகள்

கருவிகள் விமானியின் பயிற்சிக்கு மாற்றாக மாட்டா. ஒரே கருவியின் பல திரைகளையும் விசைகளையும் மேகத்துள் முதன்முறையாகத் தேடும் விமானிக்கு அக்கருவி சுமையே ஆகும். ஒரு பயிற்சிக் கழகத்தின் எல்லா வானூர்திகளிலும் ஒரே வகைக் கருவியைப் பொருத்துவதால் இச்சுமை குறைகிறது. மேலும் உறைபனி நீக்கும் வசதியும் வானிலை ரேடாரும் இல்லாத சிறு வானூர்தி, எத்துணை நல்ல வழிசெலுத்தியைக் கொண்டிருந்தாலும், இடிமேகத்துள் நுழையத் தகுதியற்றது. குறைந்த செலவில் பொருத்தப்பட்ட கருவிகளின் பயன், எதிர்பாராது மேகம் சூழ்ந்தபோது வானூர்தியை நேராக வைத்திருக்கவும், மலையையும் கடலையும் தவிர்த்து அருகில் உள்ள ஓடுபாதையை அடையவும் உதவுவதே ஆகும்.